காளானின் சர்க்கரைச் சங்கிலி



சில மாதங்களுக்கு முன்னர் அண்டை வீட்டு நண்பர் ஒருவர் கையில் ஒரு சிறிய டப்பாவுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவர் நீரிழிவு நோய்க்கு நெடுநாளாக மாத்திரை உண்டு வருபவர். டப்பாவினுள் பழுப்பு நிறத் தூள் இருந்தது. காளானிலிருந்து எடுத்த பாலிசாக்கரைடு என்றும், ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பதில் நிகரற்றது என்றும், பிணியும் மூப்பும் அணுகா என்றும் அதன்மேல் அழகாக அச்சிட்டிருந்தார்கள். விலையோ அவருடைய மாத ஓய்வூதியத்தில் நான்கில் ஒரு பங்கு. "சார், நீங்கள் ரசாயனம் கற்றுக்கொடுத்தவர். இதில் எழுதியிருப்பது மெய்தானா? மெய்யென்றால் டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்" என்றார்.

மாத்திரையில் கை வைக்கக் கூடாது என்று அப்பொழுதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் 'மெய்தானா?' என்ற வினாவுக்கு என்னால் உடனே விடை கூற இயலவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் ரசாயனம் கற்பித்தவன் நான்; ஆயினும் மீண்டும் ஒரு மாணவனாக உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. அங்ஙனம் படித்துத் தெளிந்ததைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ஆக்ஸிஜனேற்றம் என்பது யாது? அதற்குச் சான்று தேடிச் சோதனைச்சாலைக்குப் போக வேண்டுவதில்லை; அடுக்களையிலேயே இருக்கிறது. வாழைப்பூவை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துவிடுகிறது. ஆகையால்தான் நம் தாய்மார் நறுக்கியவுடன் அதை மோர் கலந்த நீரில் போடுகின்றனர். நாட்பட்ட எண்ணெயில் காறல் வாடை வீசுகிறது. வெண்ணெயை உருக்கும்பொழுது ஒரு கொத்து முருங்கைக்கீரையை அதில் போடுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம். அது மணத்துக்காக மட்டும் அன்று. முருங்கைக்கீரையில் பீனால் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன. கொழுப்பு ஆக்ஸிஜனுடன் சேர்ந்து கெடுவதை அவை தாமதப்படுத்துகின்றன. இத்தகைய பொருளையே ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் என்கிறோம். இந்த முருங்கைக்கீரையையும் அதிலுள்ள பீனாலையும் மனத்தில் ஒரு பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

கொழுப்பைக் கெடுப்பது எது? மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்கள் பெரும்பாலும் இணை இணையாகவே இருக்கின்றன. ஏதோ ஒரு காரணத்தால் ஓர் எலெக்ட்ரான் தன் இணையை இழந்து ஒற்றையாக நின்றுவிட்டால், அந்த மூலக்கூறு அமைதியாக இராது. பக்கத்தில் இருப்பதிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துத் தன் குறையைத் தீர்த்துக்கொள்ளும். பறிகொடுத்தது இப்பொழுது ஒற்றையாகிவிட்டது. அது இன்னொன்றின்மேல் பாயும். இவ்வாறு தொடர்கிறது அழிவு. இத்தகைய ஒற்றையையே ஃப்ரீ ராடிக்கல் என்றும், நம் பாடநூல்களில் தனி உறுப்பு என்றும் சொல்கிறார்கள். கரிமச் சேர்மங்களிலும் தனி உறுப்பு நிலைத்து நிற்கக்கூடும் என்பதை 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க் என்பார் காட்டினார்.

தனி உறுப்புகளுள் மிகக் கொடியது ஹைட்ராக்சில் உறுப்பு. 1894-இல் ஃபென்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி, இரும்பு உப்புடன் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்தால் வலிய ஆக்ஸிஜனேற்றம் நடைபெறுவதைக் கண்டு எழுதினார். இவ்வினையில் ஹைட்ராக்சில் உறுப்பு தோன்றுகிறது என்ற விளக்கத்தை 1934-இல் ஹேபரும் வைஸும் அளித்தனர். நம் உடலிலும் இரும்பு உண்டு. பெராக்சைடும் சிறிதளவு உண்டாகிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் நாம் வெந்து மடிந்துவிடவில்லை. ஏனெனில் உடல் தனக்குரிய காவலைத் தானே வைத்திருக்கிறது. அக்காவலர்களுள் ஒன்றாகிய சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதியின் தொழிலை 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தனர்.

இனிக் காளானுக்கு வருவோம்.

சோறு, வைக்கோல், காளான் ஆகிய மூன்றையும் ஒரு தட்டில் வைத்தால் அவை ஒன்றுக்கொன்று உறவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சோற்றிலுள்ள மாவுப்பொருள், வைக்கோலிலுள்ள செல்லுலோஸ், காளானின் செல்சுவரிலுள்ள குளுக்கன் ஆகிய மூன்றும் ஒரே குளுக்கோஸ் சர்க்கரையால் ஆனவை. பூ ஒன்றே, தொடுத்த விதம் வேறு.

தொடுக்கும் விதத்தைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். குளுக்கோஸ் மூலக்கூறில் ஆறு கார்பன் அணுக்கள் உள்ளன. அவற்றுக்கு 1 முதல் 6 வரை எண் இட்டிருக்கிறோம். வளையமாக இருக்கும் குளுக்கோஸில் 1, 2, 3, 4, 6 ஆகிய ஐந்து கார்பன்களில் ஹைட்ராக்சில் தொகுதி உள்ளது. ஒரு குளுக்கோஸின் முதல் கார்பன், மற்றொரு குளுக்கோஸின் ஏதேனும் ஒரு ஹைட்ராக்சிலுடன் கைகோக்கும். ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். முதல் கார்பனின் கை வளையத்துக்குக் கீழ் நோக்கி இருந்தால் ஆல்ஃபா. மேல் நோக்கி இருந்தால் பீட்டா. வேறுபாடு இவ்வளவே. ஆனால் இதன் விளைவு எத்துணைப் பெரிது பாருங்கள்! ஒன்றும் நான்கும் ஆல்ஃபா முறையில் இணைந்தால் சங்கிலி சுருள்கிறது, நம் உமிழ்நீர் அதை எளிதில் வெட்டுகிறது, அது சோறு. அதே ஒன்றும் நான்கும் பீட்டா முறையில் இணைந்தால் சங்கிலி நேராக நீள்கிறது, பல சங்கிலிகள் நெருங்கிப் படுத்து நாராகின்றன, அது வைக்கோல். மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை வெட்டும், நம்மால் இயலாது. ஒன்றும் மூன்றும் பீட்டா முறையில் இணைந்தால் சங்கிலி வில்லைப் போல் வளைந்து வளைந்து செல்கிறது. அதுவே காளானின் குளுக்கன். வைக்கோற் படுக்கையில் சிப்பிக் காளான் வளர்ப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அங்கே நடப்பது இதுதான்: காளான் தன் நொதிகளால் வைக்கோலின் சரத்தை அவிழ்த்து, அதே பூக்களைத் தனக்கேற்ற வேறு சரமாகத் தொடுத்துக்கொள்கிறது.

காளானின் செல்சுவரில் குளுக்கன் மட்டும் அன்றிக் கைட்டினும் உண்டு. இறாலின் ஓட்டில் இருக்கிறதே, அதே பொருள். பிரான்சு நாட்டில் நான்சி நகரத்துப் பிராகோனோ என்பவர் 1811-இல் அதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது காளானிலிருந்துதான். பூச்சிகளில் அது உண்டென்பது பின்னரே தெரிந்தது. இது பேச்சின் போக்கிலே வந்த செய்தி, மேலே செல்வோம்.

காளான் குளுக்கன்களுள் பேர்பெற்றது லென்டினன். ஜப்பானியர் விரும்பி உண்ணும் ஷீடாக்கே என்னும் காளானிலிருந்து டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த கோரோ சிஹாராவும் அவருடைய தோழர்களும் எடுத்த பொருள் இது. எலிகளின் புற்றுக்கட்டி ஒன்றை இது அடக்குவதாக 1969-இல் அவர்கள் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு துணையாக, ஊசிவழி செலுத்தப்படும் மருந்தாக இது ஒப்புக்கொள்ளப்பட்டது. இதன் முதுகெலும்பு ஒன்று-மூன்று பீட்டாச் சங்கிலி. அச்சங்கிலியில் ஐந்து குளுக்கோஸுக்கு இரண்டு வீதம், ஆறாவது கார்பனிலிருந்து பக்கக் கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு முப்புரிக் கயிறாக நிற்கின்றன. ஒவ்வொரு குளுக்கோஸின் இரண்டாம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சிலும் கயிற்றின் உட்புறம் திரும்பி, அண்டைச் சங்கிலியின் ஹைட்ராக்சிலைப் பற்றிக்கொள்கிறது. பக்கக் கிளைகளோ வெளியே நீட்டி நின்று நீரைப் பற்றுகின்றன. கிளையே இல்லாத ஒன்று-மூன்று பீட்டாச் சங்கிலி நீரில் கரையாது. கிளை இருப்பதால்தான் லென்டினன் கரைகிறது.

இத்தகைய சங்கிலி ஒரு தனி உறுப்பைக் கண்டால் என்ன செய்யும்? இங்கேதான் என் நண்பரின் டப்பா சொன்னதற்கும் ரசாயனம் சொல்வதற்கும் வேறுபாடு தொடங்குகிறது.

தனி உறுப்பை அடக்க வேண்டுமானால் ஒரு ஹைட்ரஜனைக் கொடுக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிது என்பது அந்த ஹைட்ரஜன் எவ்வளவு இறுகப் பிணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சர்க்கரையிலும் சாராயத்திலும் உள்ள சாதாரண ஹைட்ராக்சிலிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க மோலுக்கு ஏறத்தாழ 105 கிலோ கலோரி வேண்டும். சாதாரணப் பீனாலில் அது சுமார் 87. முருங்கைக்கீரை போன்றவற்றில் காணப்படும், இரண்டு ஹைட்ராக்சில்கள் அடுத்தடுத்து அமைந்த பீனால்களில் சுமார் 80. கஞ்சனிடம் பணம் நிறைய இருக்கலாம். அதனால் இரப்பவனுக்குப் பயன் என்ன? சர்க்கரைச் சங்கிலியில் ஹைட்ராக்சில்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் ஒன்றும் எளிதில் ஈவதில்லை.

"ஐயா, காளான் சர்க்கரை ஹைட்ராக்சில் உறுப்பை அடக்கியது என்று பல கட்டுரைகளில் படித்தோமே" என்று கல்லூரி மாணவர் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஹைட்ராக்சில் உறுப்பு ஒரு ஹைட்ரஜனைப் பெற்றால் நீராகிறது. அப்பொழுது உண்டாகும் பிணைப்பின் வலிமை 119 கிலோ கலோரி. ஆகையால் அது எதனிடமிருந்தும் பறிக்கும். வெறும் குளுக்கோஸிடமிருந்தும் பறிக்கும். கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனையும் விடாது. கொள்ளைக்காரனுக்கு யாரும் பணம் கொடுப்பார்கள். அதைக் கொண்டு ஒருவரை வள்ளல் என்று புகழ முடியுமா? அச்சோதனையில் வெற்றி பெற்றது என்பதனால் ஒரு பொருளுக்குத் தனிப் பெருமை வந்துவிடாது என்பதே என் கருத்து.

இதைவிடக் கடினமான சோதனை ஒன்று உண்டு. டைபீனைல் பிக்ரில் ஹைட்ரசில் என்ற நீண்ட பெயருடைய பொருள் ஒன்று, தனி உறுப்பாக இருந்தும் புட்டியில் அமைதியாக இருக்கும் இயல்புடையது. அதன் கரைசல் நல்ல ஊதா நிறம். ஹைட்ரஜன் கிடைத்தால் வெளிறிய மஞ்சளாகிவிடும். இப்பொருள் 1922-லேயே தெரிந்திருந்தது. ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்களை அளக்க இதைப் பயன்படுத்தலாம் என்று 1958-இல் பிளாய்ஸ் என்பவர் எழுதினார். இந்த ஊதாப் பொருள் கொள்ளைக்காரன் அன்று. மனமுவந்து கொடுப்பவரிடம் மட்டுமே பெற்றுக்கொள்ளும். ஆகவே இதன் முன் காளான் சர்க்கரை எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதை நான் நூலில் மட்டும் படித்து அறியவில்லை. என் பேத்தி கல்லூரியில் முதுகலை பயில்கிறாள். அவள் தன் ஆய்வுக்காகச் சிப்பிக் காளானைக் காயவைத்துப் பொடித்து, வெந்நீரில் நெடுநேரம் காய்ச்சி வடித்து, வடிநீரில் சாராயத்தை ஊற்றினாள். பாலிசாக்கரைடு பழுப்பு நிறத் திரளாகக் கீழே படிந்தது. அதை எடுத்து ஊதாக் கரைசலில் இட்டதும் நிறம் மாறி மஞ்சளாயிற்று. அன்றிரவு தொலைபேசியில் அவள் குரலில் இருந்த மகிழ்ச்சி இன்னும் என் காதில் ஒலிக்கிறது. "காளான் சர்க்கரை மிகச் சிறந்த தடுப்பான் தாத்தா!" என்றாள்.

அவளுடைய பேராசிரியை நல்ல ஆசிரியை. மகிழ்ச்சியைக் கெடுக்காமல், ஆனால் உடனே ஒப்புக்கொள்ளாமலும், "அதைத் தூய்மைப்படுத்தி மறுபடியும் செய்துபார்" என்றார். சேவாக் என்பவர் 1938-இல் தோழர்களுடன் எழுதிய முறை ஒன்று உண்டு. குளோரோஃபார்மையும் பியூட்டனாலையும் சேர்த்துக் குலுக்கினால், கரைசலிலுள்ள புரதம் இரு திரவங்களுக்கும் நடுவே ஆடைபோல் திரண்டு நிற்கும், அதை எடுத்துவிடலாம். அவள் பலமுறை குலுக்கிப் புரதத்தை நீக்கினாள். பிறகு நிறப்பொருளையும் பத்தியில் வடித்துப் பிரித்தாள். முடிவில் வெண்மையான, பஞ்சுபோன்ற பொருள் கிடைத்தது. அதை ஊதாக் கரைசலில் இட்டாள். நிறம் பெரும்பாலும் அப்படியே இருந்தது.

விடுமுறைக்கு வந்தபொழுது முகம் வாடியிருந்தாள். ஆறு மாத உழைப்பு வீணாயிற்று என்றாள். "வீண் என்று யார் சொன்னார்கள் அம்மா? நீ கழித்துவிட்ட பழுப்பு நீரை என்ன செய்தாய்?" என்று கேட்டேன். நல்லவேளையாக அதை அவள் கொட்டிவிடவில்லை, குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். கல்லூரி திறந்ததும் முதல் வேலையாக அதைச் சோதித்தாள். ஊதா நிறம் ஒரு நொடியில் மறைந்தது. அழுக்கு என்று கழித்ததில்தான் முதலிலிருந்தே ஆற்றல் இருந்திருக்கிறது. அதில் இருந்தவை பீனால் இனப் பொருள்களும் புரதத் துணுக்குகளும். முருங்கைக்கீரையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா?

இது அவள் ஒருத்தி கண்ட அதிசயம் அன்று. கானோடெர்மா என்னும் காளானில் முக்கியமான ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் புரதத் துணுக்குகளே என்று 2004-இல் சீன ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பீனாலும் புரதமும் சர்க்கரைச் சங்கிலியோடு வெறுமனே கலந்திருப்பதும் உண்டு. பிணைப்பினாலேயே ஒட்டியிருப்பதும் உண்டு. ஒட்டியிருப்பவை எத்தனை முறை கழுவினாலும் முற்றும் நீங்கா. ஆகவே 'காளான் பாலிசாக்கரைடு' என்று ஒருவர் கூறினால், அதில் சர்க்கரை எவ்வளவு, புரதம் எவ்வளவு, பீனால் எவ்வளவு என்று நாம் கேட்க வேண்டும். நிறத்தைப் போக்குவதற்காகச் சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி வெளுக்கிறார்கள். அது சங்கிலியையே வெட்டிவிடும். பிறகு அளப்பது காளான் தந்த பொருளை அன்று, தாமே உண்டாக்கிய பொருளை.

அப்படியானால் சர்க்கரைச் சங்கிலியின் அமைப்புக்குப் பொருளே இல்லையா எனின், அதுவும் சரியன்று. ஆற்றல் சிறிதாயினும், அது கூடுவதும் குறைவதும் அமைப்பைப் பொறுத்தே நிகழ்கின்றன.

சங்கிலியின் நீளத்தை எடுத்துக்கொள்வோம். குளுக்கோஸை ஃபெலிங் கரைசலுடன் சூடாக்கினால் செங்கல் நிற வீழ்படிவு வருவதை நீங்கள் பள்ளியில் கண்டிருப்பீர்கள். முதல் கார்பன் கைகோக்காமல் விடுபட்டிருப்பதால், வளையம் திறந்து ஆல்டிஹைடாகி அது ஒடுக்கும் வேலையைச் செய்கிறது. சங்கிலியிலோ கடைசிக் குளுக்கோஸுக்கு மட்டுமே இவ்வுரிமை உண்டு. லென்டினனின் மூலக்கூறு எடையை 5 இலட்சம் என்று கொள்வோம். சங்கிலியில் ஒரு குளுக்கோஸின் எடை 162. ஆக ஏறத்தாழ 3,000 குளுக்கோஸுக்கு ஒரே ஒரு விடுபட்ட முனை. அச்சங்கிலியை 10,000 எடையுள்ள துண்டுகளாக வெட்டினால், ஒன்றுக்குப் பதிலாக 50 முனைகள் கிடைக்கின்றன. பொருளின் அளவு மாறவில்லை. அத்துடன் துண்டுகள் எளிதில் கரைகின்றன. முப்புரிக் கயிறாக முறுக்கிக்கொள்ளும் திறனையும் இழந்துவிடுகின்றன. உட்புறம் மறைந்திருந்த ஹைட்ராக்சில்கள் வெளிப்படுகின்றன. சிறிய சங்கிலிகள் பெரியவற்றைவிடத் தனி உறுப்புகளை நன்கு அடக்கின என்று பல ஆய்வுகள் கூறுவதற்குக் காரணம் இதுவே. ஆனால் கூர்ந்து நோக்குங்கள்: உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் வேலைக்கு நீண்ட சங்கிலியே பெரும்பாலும் சிறந்ததாகக் காணப்படுகிறது. ஒன்றுக்கு நல்லதாகும் வெட்டு மற்றொன்றுக்குக் கேடாகிறது!

அடுத்தது அமிலத் தன்மை. எல்லாக் காளான்களின் சங்கிலிகளும் வெறும் குளுக்கோஸால் ஆனவை அல்ல. சீனர் சூப்பில் இட்டு உண்ணும் டிரெமெல்லா என்ற வெண்ணிறப் பசைக் காளானின் முதுகெலும்பு மானோஸ் சர்க்கரை. அதன் கிளைகளில் சைலோஸும் குளுக்யூரானிக் அமிலமும் உள்ளன. குளுக்யூரானிக் அமிலம் என்பது ஆறாவது கார்பன் கார்பாக்சிலாக மாறிய குளுக்கோஸ். நீரில் அது எதிர்மின்னூட்டம் பெற்று நிற்கும். இரும்பு அயனியோ நேர்மின்னூட்டம் உடையது. கார்பாக்சில் அதைப் பற்றிக்கொள்ளும். ஃபென்டன் வினைக்கு இரும்பு வேண்டும் என்று முன்னமே சொன்னேன். இரும்பைக் கட்டிப்போட்டால் ஹைட்ராக்சில் உறுப்பு தோன்றுவதே குறைகிறது. திருடனைப் பிடிப்பது ஒரு வழி. வீட்டுச் சாவியை அவன் கைக்கு எட்டாமல் வைப்பது மற்றொரு வழி. அமிலச் சர்க்கரை மிகுதியாக உள்ள சங்கிலிகள் நடுநிலைச் சங்கிலிகளைவிட நன்கு செயல்படுவதற்கு இதுவே முக்கியமான காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

இயற்கையில் அமிலம் இல்லாத சங்கிலியில் சோதனைச்சாலையில் சல்பேட்டையோ பாஸ்பேட்டையோ சேர்ப்பதும் உண்டு. ஆறாவது கார்பனின் ஹைட்ராக்சில் மற்றவற்றைவிட நெருக்கடி குறைந்த இடத்தில் இருப்பதால் அங்கேதான் அவை முதலில் ஏறும். ஒரே மின்னூட்டமுள்ள தொகுதிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் முறுக்கு அவிழ்ந்து சங்கிலி நீளும், நன்றாகக் கரையும். சல்பேட்டு ஏறிய சங்கிலிகள் இரத்தம் உறைவதைத் தடுக்கவும் கூடும் என்பதால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவையெல்லாம் சோதனைக் குழாயில் நடப்பவை. வாய்வழி உண்டால் என்ன ஆகும்? இத்தகைய குளுக்கோஸ் சங்கிலிகளின் பீட்டாப் பிணைப்பை வெட்டும் நொதி நமக்கு இல்லை என்று வைக்கோலைப் பற்றிப் பேசும்பொழுதே சொன்னேன். காளான் குளுக்கன் பெரும்பகுதி செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. நார்ச்சத்து என்ற வகையில் அது நல்லதே. ஆனால் இரத்தத்தில் புகுந்து தனி உறுப்புகளைத் துரத்திப் பிடிக்கிறது என்பது வெறும் கற்பனை.

இன்னொரு வியப்பும் உண்டு. நம் வெள்ளணுக்களின் மேற்பரப்பில், ஒன்று-மூன்று பீட்டாச் சங்கிலியை அடையாளம் கண்டுகொள்ளும் டெக்டின்-1 என்ற புரதம் இருக்கிறது. பூஞ்சை உடலுக்குள் நுழைந்துவிட்டதோ என்று எச்சரிக்கை செய்வது அதன் பணி. அது இச்சங்கிலியைப் பற்றும் என்பதை 2001-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிரவுனும் கார்டனும் காட்டினார்கள். அதே 2001-இல் அமெரிக்காவில் வெளியான வேறோர் ஆய்வு, குளுக்கன்களின் ஆக்ஸிஜனேற்றத் தடை மிகவும் வலுவற்றது என்றும், அவை விழுங்கணுக்களைத் தூண்டித் தனி உறுப்புகளை உண்டாக்கச் செய்கின்றன என்றும் கூறியது. விழுங்கணு கிருமியைக் கொல்வதற்குத் தனி உறுப்பையே ஆயுதமாக வீசுகிறது. ஆகவே எந்தப் பொருளைத் தனி உறுப்புக்குப் பகைவன் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தார்களோ, அதுவே உடலில் தனி உறுப்பை வரவழைக்கக் கூடியது! லென்டினனை ஜப்பானிய மருத்துவர்கள் பயன்படுத்தியதும் நோயெதிர்ப்பைத் தூண்டுவதற்காகவே அன்றி ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பதற்காக அன்று.

காளானின்மேல் பழி சுமத்துகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையான ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் ஒன்று காளானில் உண்டு. எர்கோதயோனின் என்று அதற்குப் பெயர். கந்தகம் அடங்கிய சிறிய மூலக்கூறு. சர்க்கரைச் சங்கிலி அன்று. கம்பு முதலிய தானியக் கதிர்களைத் தாக்கும் எர்காட் பூஞ்சை இனத்திலிருந்து பிரான்சின் டான்ரே 1909-இல் இதைப் பிரித்தெடுத்தார். அதை உடலுக்குள் ஏற்றிச் செல்வதற்கென்றே ஒரு புரதம் நம்மிடம் இருப்பதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். இதைப் பெறுவதற்கு டப்பா வேண்டாம். காளான் குழம்பு போதும்.

நண்பரின் டப்பா என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது சில நாள் என் மேசைமேலேயே இருந்தது. அதில் மூலக்கூறு எடை குறித்தோ, கிளைகளைக் குறித்தோ, புரத அளவைக் குறித்தோ ஒரு சொல்லும் இல்லை. பேத்தி அடுத்த முறை வந்தபொழுது, "தாத்தா, பெரிய கருவி எதுவும் வேண்டாம், வீட்டில் டிங்சர் அயோடின் இருக்கிறதா?" என்று கேட்டாள். தூளில் அரைக் கரண்டி எடுத்து வெந்நீரில் கலக்கி, ஆறவைத்து, இரண்டு சொட்டு விட்டாள். கிண்ணத்திலிருந்த கலவை கருநீலமாகிவிட்டது.

இதன் காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஒன்று-நான்கு ஆல்ஃபாச் சங்கிலி சுருள்வது என்றேன். அச்சுருளின் உட்குழியில் அயோடின் வரிசையாகப் புகுந்துகொள்வதால்தான் நீல நிறம் தோன்றுகிறது. காளானின் பீட்டாச் சங்கிலி அந்த நீலத்தைத் தராது. காளான் சேமித்து வைக்கும் கிளைக்கோஜனும் செம்பழுப்பு நிறமே தரும். ஆகவே அந்தத் தூளில் தானிய மாவு கலந்திருந்தது என்பதில் ஐயமில்லை. தானியத்தின்மேல் காளான் இழையை வளர்த்துத் தானியத்தோடு சேர்த்தே அரைத்துவிடும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. எவ்வளவு மாவு என்பதை அயோடின் சொட்டு சொல்லாது; மாவு உண்டு என்பதை மட்டும் சொல்லும். நீரிழிவுக்காரருக்கு அதுவே போதுமானது.

நண்பரை அழைத்துக் கிண்ணத்தைக் காட்டினோம். நெடுநேரம் அதை உற்றுப் பார்த்தார். "அப்படியானால் சார், நான் காலையில் வெறும் வயிற்றில் இத்தனை நாள் கரைத்துக் குடித்தது கஞ்சிதானா?" என்றார்.